பணிக்காயமும் விண்ணப்ப மொழியும்: மறுவாழ்வுச் சிகிச்சை நிதிக் கோரிக்கைகளின் உரையமைப்பு – மாங்காடு வட்டாரத் தொழிற்சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பணியிடத்தில் காயமுற்ற தொழிலாளி அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர்ப் பெறவேண்டிய இயன்முறை மருத்துவம், செயற்கை உறுப்பு, மீள்பயிற்சி ஆகியவற்றுக்கான நிதி பெரும்பாலும் ஓர் எழுத்துக் கோரிக்கையின் வழியாகவே வந்து சேர்கிறது. அக்கோரிக்கை இரக்கத்தை வேண்டும் மனுவாக எழுதப்படுமிடத்து, உரிமையை நிறுவத் தேவையான செய்திகள் பல விடுபடுகின்றன. தொல்காப்பியம் கூறும் தொழில் முதல்நிலைகளையும் நன்னூல் கூறும் நூற்குற்றங்களையும் அளவுகோலாகக் கொண்டு இவ்வகைக் கோரிக்கையின் உரையமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பணிக்காயம், விண்ணப்பம், மறுவாழ்வு, ஈட்டுதிறன் இழப்பு, தொழில் முதல்நிலை, ஆட்சித்தமிழ்

1. முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் வட்டத்தில், பூவிருந்தவல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையே அமைந்துள்ளது மாங்காடு. காமாட்சியம்மன் கோயிலால் அறியப்பட்ட இவ்வூர், இன்று சென்னையின் மேற்குப் புறநகர்த் தொழிற்பகுதிகள் சூழ்ந்த குடியிருப்பு நகரமாகும். வடக்கே 1964இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும், தெற்கே திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையும், மேற்கே இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர்த் தொழிற்பூங்காக்களும் உள்ளன. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர், உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் இவ்வட்டாரமெங்கும் பெருகின. தகடு வெட்டும் பவர் பிரஸ், கடைசல் இயந்திரம், வார்ப்பு இயந்திரம் ஆகியவை இப்பட்டறைகளின் கருவிகள். அவற்றின் முன் நிற்போரில் ஒப்பந்தத் தொழிலாளரும் வடமாநிலங்களிலிருந்து வந்தோரும் பலர்.

வாகன உதிரிபாகத் துறையில் நேரும் விரல் இழப்புகளைத் தொடர்ந்து ஆவணப்படுத்திவரும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு, 2019 முதல் 'கிரஷ்டு' என்னும் தலைப்பில் வெளியிடும் அறிக்கைகளில், இவ்விபத்துகளின் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகப் பவர் பிரஸ் இயந்திரத்தைச் சுட்டுகிறது. காயமுற்றோர் பலர் விபத்துக்குப் பிறகே காப்பீட்டு அட்டையைப் பெறுகின்றனர் என்பதும் அவ்வறிக்கைகள் காட்டும் செய்தியாகும். உரிமைக்கான முதல் ஆவணமே காயத்திற்குப் பின்னர் உருவாகும் நிலையில், தொடர்ந்து எழுதப்படும் ஒவ்வொரு தொடரும் சான்றின் எடையைப் பெறுகிறது.

சிதைந்த கையில் எலும்பு பொருந்துவதோடு சிகிச்சை முடிவதில்லை. உரிய காலத்தில் பயிற்சி அளிக்கப்படாவிடின் தசைநாண்கள் ஒட்டிக்கொள்கின்றன; மூட்டுகள் விறைக்கின்றன. பிழையான விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டு மீண்டும் எழுதப்படுவதற்குள் கழியும் வாரங்கள், விரல் மடங்குமா மடங்காதா என்பதைத் தீர்மானிக்கும் வாரங்களாகவும் அமையக்கூடும். ஆகவே இவ்வுரைவகை மொழியாய்வுக்குரிய பொருளாகிறது. இக்கட்டுரையில் இடம்பெறும் மாதிரித் தொடர்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. எந்தவொரு தனிநபரின் விண்ணப்பத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

2. விண்ணப்ப மரபும் இரக்க நடையும்

விண்ணப்பம் என்னும் சொல் தமிழக ஆவண மரபில் தொன்மையானது. பல்லவர் செப்பேடுகளில் கொடைக்காக விண்ணப்பம் செய்தவர், அரசாணையை நிறைவேற்றிய ஆணத்தி ஆகிய இருவரும் குறிக்கப்பெறுவதுண்டு. அம்மரபில் விண்ணப்பம் என்பது கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் வேண்டுதல். அதனை ஏற்பது வேந்தனின் அருள். காலனிய ஆட்சிக்கால மனுக்களும் பணிவுத் தொடர்களால் இந்நடையைத் தொடர்ந்தன. இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர் நாளில் அளிக்கப்படும் மனுக்களிலும் 'கருணை கூர்ந்து', 'ஏழையின் மீது இரங்கி' போன்ற தொடர்கள் இயல்பாக வருகின்றன.

அருள்கொடை வேண்டுமிடத்தில் இந்நடை பொருந்தும். ஆனால் பணிக்காயத்திற்கான சிகிச்சை நிதி அருள்கொடையன்று; சந்தா செலுத்தப்பட்ட காப்பீட்டின் பயனாகவோ, முதலாளியின் சட்டப் பொறுப்பாகவோ வருவது. இரக்க நடை இங்கு இரு வகையில் தீங்கு செய்கிறது. ஒன்று, வறுமை பற்றிய விரிவுரை, காயம் பற்றிய உரைக்குரிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. மற்றொன்று, கோருபவர் தம் உரிமையின் அடிப்படையைத் தாமே மறைத்துவிடுகிறார். காப்பீட்டு மருத்துவ அலுவலர் முடிவுசெய்ய வேண்டுவது விண்ணப்பதாரர் ஏழையா என்பதன்று. காயம் பணியால் நேர்ந்ததா, கோரப்படும் சிகிச்சை அக்காயத்திற்கு உரியதா என்பனவே.

3. சட்டப் பின்புலம்

கோரிக்கை எந்த வாயிலை நோக்கி எழுதப்படுகிறது என்பதே அதன் சொற்களைத் தீர்மானிக்கிறது. வாயில்கள் மூன்று.

முதலாவது, 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தொழிற்சாலைகளுக்குரிய இச்சட்டத்தின் கீழ், 2017 முதல் மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் காப்பீடு பெற்றனர். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடாகவும் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டன. பணிக்காயத்திற்கான பயனுக்குக் குறைந்தபட்சச் சந்தாக்காலம் என்னும் நிபந்தனை இல்லை; பணியிற் சேர்ந்த நாளிலேயே காயம் நேரினும் உரிமை உண்டு. தற்காலிக இயலாமைக் காலத்தில் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு வழங்கப்படும். காயமுற்றோரின் மறுவாழ்வுக்கும் மறுபணியமர்த்தத்திற்கும் நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை 19ஆம் பிரிவு கழகத்திற்கு அளித்தது. வெளி மருத்துவமனையில் செய்த செலவை மீளப் பெறுதற்கு 1950ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குமுறைகளின் 96அ வழிவகுத்தது.

இரண்டாவது, 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். காப்பீட்டு வரம்புக்குள் வராத சிறு பட்டறைத் தொழிலாளிக்கும் ஊதிய வரம்பைக் கடந்தவருக்கும் உரியது இது. காயத்தின் சிகிச்சைக்கு உண்மையாகச் செலவான தொகையை முதலாளி திருப்பித் தரவேண்டும் என்னும் 4(2அ) உட்பிரிவு 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் முன்வைக்க வேண்டும். இழப்பீடு உரிய நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் வழங்கப்படாவிடின் 12 விழுக்காடு வட்டி சேரும்.

மூன்றாவது, நலத்திட்டங்கள். 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி வந்த நலவாரியங்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கென 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் ஆகியன இவ்வகையின. வருமானச் சான்று பொருள்படுவது இவ்வாயிலில்தான்.

முதலிரு சட்டங்களையும் உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. எனினும் பணிக்காயம், நிலைத்த பகுதி இயலாமை, ஈட்டுதிறன் இழப்பு முதலிய அடிப்படைக் கருத்துருக்கள் அதிலும் தொடர்வதால், அவற்றைத் தமிழில் உரைக்கும் முறை பற்றிய ஆய்வு பொருளிழக்கவில்லை.

4. நிகழ்வுரை: வினை முதல்நிலை எட்டு

கோரிக்கையின் முதற்பகுதி விபத்தை உரைப்பது. சட்டம் இங்கு இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது: காயம் பணியின் காரணமாக எழுந்திருக்க வேண்டும்; பணியின் போக்கில் நேர்ந்திருக்க வேண்டும். 'வேலை நேரத்தில் அடிபட்டது' என்னும் தொடர் இரண்டாவதை மட்டுமே தொடுகிறது. போக்கில் நேர்ந்தது நிறுவப்பட்டால், மாறான சான்று இல்லாதவரை காரணமும் பணியே எனக் கொள்ளலாம் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51அ பிரிவு ஓர் ஊகத்தை அனுமதித்தது. ஆயினும் அவ்வூகத்தை மட்டும் நம்பி எழுதப்படும் உரை வலுக்குறைந்ததே.

முழுமையான நிகழ்வுரைக்குரிய அளவுகோல் தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய எட்டு முதல்நிலைகளை வகுக்கிறது. செயல், அதனைச் செய்பவர், அதற்கு உள்ளாகும் பொருள், இடம், காலம், கருவி, யாருக்காக என்பது, எப்பயன் கருதி என்பது ஆகியவை அவை. இவற்றுள் முதல் ஆறும் விபத்து அறிக்கைப் படிவங்களில் ஏறத்தாழ இடம்பெறுகின்றன. தொழிலாளர் எழுதும் கோரிக்கைகளில் எளிதில் விடுபடக்கூடியவை இறுதி இரண்டும். சட்டம் மிகுதியாகப் பொருட்படுத்துபவையும் அவையே. விதியை மீறிய நிலையில் காயமுற்றாலும், செய்த செயல் முதலாளியின் தொழிலுக்காகவும் அதன் பொருட்டும் செய்யப்பட்டதாயின் அது பணிக்காயமே என 51ஆ பிரிவு வரையறுத்தது. 'யாருக்காக', 'எப்பயன் கருதி' என்னும் இரு வினாக்களையே இப்பிரிவும் கேட்கிறது.

எடுத்துக்காட்டாக, 'தகட்டை எடுக்கும்போது கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது' என்னும் தொடரில் கையே எழுவாய். இயந்திரம் இடவேற்றுமை ஏற்று வெறும் இடமாக நிற்கிறது. 'மாட்டிக்கொண்டது' என்பதிலுள்ள 'கொள்' என்னும் துணைவினை, காயமுற்றவரே நிகழ்வுக்குக் காரணர் என்னும் சாயலைத் தருகிறது. பேச்சுத்தமிழில் இஃது இயல்பான வழக்கு, குற்ற ஒப்புதலன்று. ஆனால் எழுத்தில் வரும்போது அச்சாயல் பதிவாகிவிடுகிறது. 'இரண்டாம் முறைப்பணியில், மேற்பார்வையாளர் கொடுத்த எண்ணிக்கையை முடிப்பதற்காகத் தகட்டை அச்சிலிருந்து எடுக்கையில், மிதிகட்டையை அழுத்தாத நிலையிலேயே பிரஸ்ஸின் மேலச்சு இறங்கி வலது கையை நசுக்கியது' என்னும் தொடரில் எட்டு முதல்நிலைகளும் நிறைவுறுகின்றன. உண்மையில் நடந்தது அவ்வாறாயின், அவ்வாறே எழுதப்படுதல் வேண்டும்.

'கவனக்குறைவால்' என்னும் சொல்லும் இத்தகையதே. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலாளியின் பொறுப்பை விலக்குவன மது அல்லது போதைப்பொருளின் ஆளுகை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறல், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றல் ஆகியவை. அவ்விலக்கும் இறப்பு, நிலைத்த முழு இயலாமை ஆகியவற்றுக்குப் பொருந்தாது. வெறும் கவனக்குறைவு இப்பட்டியலில் இல்லை. எனினும் அறிக்கையில் இடம்பெறும் 'கவனக்குறைவு', பின்னர் 'விதிமீறல்' என்று விரித்துப் பொருள்கொள்ளப்பட இடமளிக்கிறது. நிகழ்வை உரைக்கவேண்டிய இடத்தில் நிகழ்வு பற்றிய தீர்ப்பை எழுதுவதே இப்பிழையின் தன்மை.

5. அளவுரை: விரலும் விழுக்காடும்

இரண்டாம் பகுதி காயத்தின் அளவை உரைப்பது. சட்ட அட்டவணை விரல் இழப்புகளை எண்களால் வகுத்துள்ளது. கட்டைவிரல் முழுமையாக இழக்கப்படின் 30 விழுக்காடு, சுட்டுவிரல் 14, நடுவிரல் 12, மோதிரவிரல் அல்லது சுண்டுவிரல் 7. சுட்டுவிரலில் இரண்டு விரலெலும்புகள் போயின் 11, ஓர் எலும்பு போயின் 9, எலும்பு இழப்பின்றி நுனி மட்டும் துண்டிக்கப்பட்டால் 5 என்று அது மேலும் நுணுகுகிறது.

இந்நுணுக்கத்திற்கு வழக்குத் தமிழ் ஈடுகொடுப்பதில்லை. 'விரல் நுனி போய்விட்டது', 'ஒரு கணு போய்விட்டது' என்பன மக்கள் வழக்கு. கணு என்பது இரண்டு எலும்புகள் கூடும் மூட்டைக் குறிக்கும் சொல். அட்டவணை எண்ணுவதோ மூட்டுகளுக்கு இடைப்பட்ட எலும்புகளை. ஆகவே 'ஒரு கணு' என்பதை ஒருவர் நுனியெலும்பு எனவும் மற்றொருவர் இரண்டாம் மூட்டு வரை எனவும் கொள்ளலாம். சுட்டுவிரலைப் பொறுத்தவரை இம்மயக்கத்தின் விலை 2 விழுக்காடு. வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் வரும் பயனில் அது குறையும். 'நுனியிலிருந்து எண்ணுகையில் இரண்டாம் விரலெலும்பு வரை' என்று எழுதுவது இம்மயக்கத்தை நீக்கும்.

விழுக்காடு என்னும் சொல்லும் மூன்று வெவ்வேறு பொருள்களில் வழங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி வழங்கப்படும் சான்றிதழிலுள்ள விழுக்காடு உடற்குறைபாட்டின் அளவு. அதில் 40 என்பது பல சலுகைகளுக்கான எல்லைக்கோடு. அட்டவணை விழுக்காடு சட்டம் முன்கூட்டி நிறுவிய மதிப்பு. ஈட்டுதிறன் இழப்பு விழுக்காடோ, குறிப்பிட்ட தொழிலாளி தம் தொழிலில் எவ்வளவு இழந்தார் என்பதன் அளவு. இம்மூன்றும் ஒன்றல்ல என்பதைப் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு தெளிவாக்கியது. இடது கையை இழந்த தச்சர் ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது; ஆகவே அவருக்கு நேர்ந்தது முழு இயலாமையே என்பது அதன் முடிவு. 2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்னும் சாலை விபத்து வழக்கிலும் இவ்வேறுபாடு விரிவாக விளக்கப்பட்டது. ஓட்டுநருக்கோ தச்சருக்கோ கை இழப்பு ஏறக்குறைய முழு ஈட்டுதிறன் இழப்பாகலாம். அரசு அலுவலக எழுத்தருக்கு அவ்வாறன்று.

இத்தீர்ப்புகளிலிருந்து எழுதும் முறைக்கு ஒரு விதி கிடைக்கிறது: காயத்தைத் தொழிலோடு பிணைக்காமல் எழுதப்படும் அளவுரை பாதியுரையே. 'பிரஸ் ஆபரேட்டர்' என்று பதவியை மட்டும் எழுதுவது போதாது. அப்பணியில் கை செய்யும் செயல்களைப் பெயர்சுட்டி எழுதவேண்டும்.

6. தேவையுரை: செயல்திறனை நோக்கிய நடை

மூன்றாம் பகுதியே சிகிச்சை நிதிக் கோரிக்கையின் உயிர்நிலை. உலக நலவாழ்வு நிறுவனம் 2001இல் ஏற்ற செயற்பாடு, இயலாமை, உடல்நலம் பற்றிய பன்னாட்டு வகைப்பாடு, உடலுறுப்பின் நிலை, தனிநபரின் செயல், சமூகப் பங்கேற்பு ஆகியவற்றைத் தனித்தனியே நோக்குகிறது. இன்று பல நாடுகளின் காப்பீட்டு அமைப்புகள் சிகிச்சைத் திட்டங்களை இந்நோக்கில் மதிப்பிடுகின்றன. மலேசியத் தமிழ்த் தொழிலாளர் 'பெர்கெசோ' என வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 2007இல் தொடங்கிய 'பணிக்குத் திரும்புதல்' திட்டமும் இழப்பீட்டோடு நில்லாமல் பணிமீட்சியை இலக்காகக் கொண்டதாகும்.

தமிழ்நாட்டில் இந்நோக்கு புதியதன்று. ஸ்டான்லி மருத்துவமனையில் 1971இல் பேராசிரியர் ஆர். வேங்கடசாமி தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு, பின்னர் கை ஆராய்ச்சி, மறுவாழ்வு நிறுவனமாக வளர்ந்தது. சிகிச்சையையும் மறுவாழ்வையும் ஒரே பெயரில் இணைத்தது அந்நிறுவனம். கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் செயற்கை உறுப்புகளையும் பயிற்சியையும் வழங்கிவருகிறது. மருத்துவம் எய்திய இந்நிலையை விண்ணப்ப மொழி இன்னும் எய்தவில்லை.

'வலது கையில் பலத்த காயம். வேலை செய்ய முடியவில்லை. மேல்சிகிச்சைக்கு உதவி வேண்டும்' என்னும் தொடர் நிலையை மட்டும் கூறி நிற்கிறது. பின்வரும் அமைப்பு வேறானது: 'வலது கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் முழுமையாக மடங்குவதில்லை. வெர்னியர் காலிப்பரைப் பிடித்து அளவெடுக்கவும் ஸ்பேனரை இறுக்கவும் இயலவில்லை. வாரம் 3 அமர்வு வீதம் 8 வாரங்களுக்கு, மொத்தம் 24 அமர்வுகள் கை இயன்முறை மருத்துவம் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. 4ஆம் வார இறுதியில் பிடிவலிமையும் விரல் மடங்கும் கோணமும் மீண்டும் அளக்கப்படும். அளவெடுக்கும் பணிக்குத் திரும்புவது இலக்கு.' இதில் குறைபாடு, இயலாத செயல், சிகிச்சை, அளவு, மறுமதிப்பீடு, இலக்கு என ஆறு கூறுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. முன்னது இரக்கத்தை எழுப்பக்கூடும். பின்னதை ஏற்கவோ மறுக்கவோ அலுவலர் காரணம் காட்டியாக வேண்டும்.

செலவுரை இதனைத் தொடர்ந்தே வருதல் வேண்டும். ஒவ்வொரு தொகையும் தேவையுரையில் முன்னரே சுட்டப்பட்ட ஒரு பொருளுக்கு உரியதாக இருக்கவேண்டும். அமர்வுக் கட்டணம், ஸ்பிளின்ட், செயற்கை விரல், போக்குவரத்து எனத் தனித்தனி இனங்களாகப் பிரித்து, செலவானதையும் இனிச் செலவாக இருப்பதையும் வேறுபடுத்தி எழுதினால் பகுதி அளவிலேனும் ஒப்புதல் பெறுதல் எளிது. மொத்தத் தொகையை மட்டும் கேட்கும் கோரிக்கை, ஒரே ஓர் ஐயத்தால் முழுவதும் நின்றுபோகலாம்.

7. நன்னூற் குற்றங்களும் கோரிக்கைப் பிழைகளும்

நூலுக்கு ஆகாதன என நன்னூல் பாயிரம் கூறும் பத்துக் குற்றங்களுள் நான்கு இவ்வுரைவகைக்கு நேராகப் பொருந்துகின்றன.

குன்றக் கூறல்: முன்னர்க் காட்டிய இறுதி இரண்டு முதல்நிலைகளை விடுத்தல், பணியின் செயல்களைக் கூறாமை.

மிகைபடக் கூறல்: காயத்தை உண்மையினும் பெரிதாக்குதல். மருத்துவக் குழுவின் அளவீட்டோடு ஒரு செய்தி முரண்படின், ஏனைய செய்திகளின் நம்பகமும் குலைகிறது.

மாறுகொளக் கூறல்: காப்பீட்டுச் சட்டத்தின் கீழ்ப் பயன்பெறுபவர் அதே காயத்திற்கு இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ்ப் பயன்பெறுவதை 53ஆம் பிரிவு விலக்கியது. இரண்டையும் ஒரே மனுவில் கேட்பது தன்னையே மறுக்கும் கோரிக்கையாகும். விபத்து நாள், மருத்துவமனைப் பதிவுக்கும் முதலாளியின் அறிக்கைக்கும் இடையே வேறுபடுவதும் இவ்வகையினதே.

மயங்க வைத்தல்: கணு, விழுக்காடு போன்ற பலபொருட் சொற்களை வரையறையின்றி ஆளுதல்.

நன்னூல் இவற்றை நூலாசிரியரின் குற்றமாகக் கூறியது. இங்கு எழுதுபவர் பெரும்பாலும் காயமுற்றவரல்லர்; மனு எழுதுவோர், தொழிற்சங்கத்தினர், உறவினர் அல்லது நிறுவன அலுவலர். வலது கை சிதைந்தவர் தம் கையால் எழுத இயலாமையே பல நேர்வுகளில் காரணம். ஒடியாவோ இந்தியோ தாய்மொழியாகக் கொண்டவரின் நிகழ்வுரை தமிழில் எழுதப்படும்போது தொலைவு மேலும் கூடுகிறது. எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியில் படித்துக்காட்டிய பின்னரே ஒப்பமோ கைந்நாட்டோ பெறுதல் உரைநெறி மட்டுமன்று, அறநெறியுமாகும்.

8. கலைச்சொற் சிக்கல்

1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் ஆட்சிச் சொற்கள் பல உருவாயினும், இத்துறையில் ஒருமை ஏற்படவில்லை. 'மறுவாழ்வு' என்பது உறுப்பிழந்தோர், போதை மீட்பு, இலங்கைத் தமிழர் முகாம் ஆகிய பலவற்றுக்கும் வழங்குகிறது. இலங்கையில் 'புனர்வாழ்வு' என்பதற்கு வேறு அரசியற் பொருளும் உண்டு. எனவே கோரிக்கையில் 'மறுவாழ்வு உதவி' எனத் தனித்து எழுதாமல் 'மறுவாழ்வுச் சிகிச்சை', 'தொழில்சார் மறுபயிற்சி' எனப் பகுத்தெழுதுதல் நன்று. 'ஊனமுற்றோர்' என்பதற்கு மாற்றாக நிலைபெற்ற 'மாற்றுத்திறனாளி' மனித மாண்பைக் காக்கும் சொல். ஆயினும் இழப்பை அளவிடும் இடத்தில் அச்சொல் பயன்படாது. அங்கு 'இயலாமை', 'ஈட்டுதிறன் இழப்பு' என்பனவே வேண்டும். ஆளைக் குறிக்கும் சொல்லையும் இழப்பைக் குறிக்கும் சொல்லையும் பிரித்து ஆள்வது மாண்பு, துல்லியம் ஆகிய இரண்டையும் காக்கும்.

9. முடிவுரை

• மறுவாழ்வுச் சிகிச்சை நிதிக் கோரிக்கை, நிகழ்வுரை, அளவுரை, தேவையுரை, செலவுரை என்னும் நான்கு பகுதிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் உரைவகையாகும்.

• நிகழ்வுரையின் முழுமைக்குத் தொல்காப்பியம் கூறும் எட்டு முதல்நிலைகளும் இன்றும் பொருந்தும் அளவுகோலாகின்றன. குறிப்பாக இறுதி இரண்டும் சட்டம் கேட்கும் வினாக்களோடு ஒத்துள்ளன.

• பேச்சுவழக்கின் எழுவாய் அமைப்பும் துணைவினைகளும் எழுத்துக் கோரிக்கையில் பொறுப்பை இடம்மாற்றும் ஆற்றல் உடையன.

• உடற்குறைபாடு, அட்டவணை மதிப்பு, ஈட்டுதிறன் இழப்பு ஆகிய மூன்று விழுக்காடுகளையும் வேறுபடுத்தாத உரை, பெறவேண்டிய பயனைக் குறைக்கும்.

• இரக்க நடை வருமான அடிப்படையிலான நலத்திட்டங்களுக்கன்றி, காப்பீட்டு உரிமைக்கோ இழப்பீட்டு உரிமைக்கோ துணைசெய்வதில்லை.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் பயன்பாட்டுத் தமிழ், ஆட்சித்தமிழ் ஆகிய தாள்களில் அலுவலகக் கடிதத்தையும் விடுப்பு விண்ணப்பத்தையும் கற்பிக்கின்றன. அவற்றோடு பணிக்காயக் கோரிக்கையின் மாதிரிகளையும், விரலெலும்பு முதலான சொற்களுக்குப் படத்துடன் கூடிய சொற்பட்டியலையும் மருத்துவ, சட்டத் துறைகளோடு இணைந்து உருவாக்கலாம். திருமுடிவாக்கத்திலோ அம்பத்தூரிலோ விரலிழந்து மாங்காட்டு வாடகை வீட்டுக்குத் திரும்பும் தொழிலாளி ஒருவருக்கு, இலக்கணக் கல்வி செய்யக்கூடிய நேரடியான உதவி அது.